வலைக்குள் வளர்ந்த வேர்

"மண்ணுக்குள்ள புதைச்ச கட்டை மட்கும், மேடம். இல்லேன்னா மட்காம அப்படியே கிடக்கும். வளரவே வளராது. என் கட்டை வளர்ந்திருக்கு."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இதைச் சொன்ன பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். நகக்கண்களில் மண் இருந்தது. வாசலில் கழற்றிவிட்ட செருப்பிலும் மண். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லலாம்" என்றார் அண்ணி.

அண்ணி என்பது அவருக்கு ஊரே வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளை ஆராயும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பலைக் கிளறிப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. உண்மையில் அவர் ஒருத்திக்குத்தான் அண்ணி. அந்த ஒருத்தி, அதாவது கணவரின் தங்கை, கீழ்த்தளத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பாடம் நடக்கும்போது அவள் போடும் "பிரேக்கு! பிரேக்கு!" என்ற கூச்சல் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவள் பிரேக்கக்கா. அண்ணிக்குக் கார் ஓட்ட வராது. பிரேக்கக்காவுக்கு அடுத்தவர் விவகாரத்தில் தலையிடாமல் இருக்க வராது. இரண்டும் சேர்ந்து ஒரு தொழிலாகிவிட்டது.

வந்தவர் காட்டு ஆய்வு நிலையத்தில் மண் விஞ்ஞானி. தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

முப்பது வருடங்களுக்கு முன்னால் அந்த நிலையத்தின் பெரிய புரொபசர் ஒரு சோதனையைத் தொடங்கினார். வைரம் பாய்ந்த ஒரு பெரிய மரத்தைக் கையளவு கட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் எடை போட்டு, துருப்பிடிக்காத கம்பி வலைப் பைகளில் அடைத்து, வரிசை எண் போட்ட பித்தளைத் தகடு கட்டி, நிலையத்துக்குப் பின்னால் உள்ள காட்டுச் சரிவில் ஆறு வரிசைகளாகப் புதைத்தார். கறையானும் எலியும் நுழையாமல் தடுக்க வலை. நூல் போன்ற வேரும் பூஞ்சையும் மட்டும் உள்ளே போய் வரலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு வரிசையைத் தோண்டி எடுத்து, அடுப்பில் காயவைத்து, திரும்ப எடை போட வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மரம் மண்ணாகிவிட்டது என்று கணக்கு. விழுந்த மரம் மண்ணாக எத்தனை காலம் பிடிக்கும் என்ற கேள்விக்கு ஆளுக்கு ஒரு ஊகம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பொறுத்திருந்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தவர் அவர்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு எண். அதுக்காக முப்பது வருஷமா?" என்று பிரேக்கக்கா வாயைப் பிளந்தாள்.

"ஆமா. அந்த எண்ணை உலகத்துல வேற யாரும் இப்படித் தோண்டி எடுத்துச் சொன்னதில்லை" என்றார் மண் விஞ்ஞானி. அழுத முகத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வெளிச்சம் வந்து போனது. பிரேக்கக்காவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

எட்டு வருடங்களுக்கு முன்னால் சோதனை இவர் கைக்கு வந்தது. இருபத்தைந்தாம் வருட வரிசையை இவர்தான் தோண்டினார். போன வாரம் கடைசி வரிசை. சனிக்கிழமை கட்டைகளை அடுப்பில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை எடுத்துத் தராசில் வைத்தால், ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த கட்டைகளைவிடக் கனமாக இருக்கின்றன.

"எவ்வளவு கனம்? பழைய வரிசை எதையாவது ஒத்துப் போகுதா?" என்று அண்ணி கேட்டார்.

"போகுது. பத்தாம் வருஷம் எடுத்தது கிட்டத்தட்ட இதே கனம். காலம் இருபது வருஷம் பின்னாடி போன மாதிரி இருக்கு. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. நான் முதல் கட்டையைத் தராசுல வைக்கறப்ப தேக்கு சார் வாசல்ல நின்னுட்டிருந்தார். மரவியல் துறைத் தலைவர். வளைஞ்சு கொடுக்க மாட்டார், அதனால அந்தப் பேர். தராசு முள் நிக்கறதுக்கு முன்னாடியே 'இது மாத்தி வச்ச கட்டை'ன்னுட்டார்."

"அடேங்கப்பா, பார்த்தவுடனேயேவா?" என்றாள் பிரேக்கக்கா.

"மரத்தைப் பத்தி அவர் சொன்னா எங்க நிலையத்துல மறுபேச்சு கிடையாது. அடுப்பறைச் சாவி ரெண்டே பேர்கிட்டதான். நானும், அடுப்பைப் பார்த்துக்கற அடுப்பு அண்ணனும். பரபரப்பான முடிவு காட்டிப் பேர் வாங்கறதுக்காக நானே மாத்திட்டேன்னு இன்னிக்கு மத்தியானம் விசாரணை. வேலை போகட்டும் மேடம், காட்டுச் சரிவையே மூடி வண்டி நிறுத்தற ஷெட் கட்டப் போறாங்களாம். பொய்யான சோதனைக்கு எதுக்குக் காடுன்னு கேக்கறாங்க."

அண்ணி எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். அவர் அப்படிச் செருகினால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். பிரேக்கக்கா அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

ஆய்வு நிலையம் பழைய ஓட்டுக் கட்டடம். தாழ்வாரம் முழுக்க ஈர மண்ணும் மரத்தூளும் கலந்த வாசனை. ஒவ்வொரு அறையிலும் யாரோ ஒருவர் எதையோ சலித்துக்கொண்டோ, சீவிக்கொண்டோ, உற்றுப் பார்த்துக்கொண்டோ இருந்தார். ஒரு பெண் சருகுகளை ஒவ்வொன்றாகத் தூரிகையால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இவர்கள் வந்ததற்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுப்பறையில் அடுப்பு அண்ணன் இவர்களைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனார். கைகள் ஒன்றை ஒன்று பிசைந்தன. பிரேக்கக்கா அண்ணியின் காதில், "ஆள் சிக்கிட்டான்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை இந்த அறையைத் திறந்தீங்களா?" என்றார் அண்ணி.

"இல்லம்மா... ஆமாம்மா... திறந்தேன்."

"எதுக்கு?"

அவர் அடுப்பின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே சூடு படும் இடத்தில் இரண்டு சின்னக் கான்வாஸ் ஷூக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "பொண்ணோட ஸ்கூல் ஷூ. மழையில நனைஞ்சுட்டுது. வேற ஜோடி இல்லை. ஞாயிறு வச்சேன், எடுக்க மறந்துட்டேன். இப்ப வந்து எடுத்தா எல்லாரும் கேப்பாங்களேன்னு... அரசாங்க அடுப்பில்லையா இது."

"அடுப்புக்குப் பின்னாலதானே வச்சிருக்கீங்க, உள்ள வைக்கலையே. எடுத்துட்டுப் போங்க, பிள்ளை தேடும்" என்றார் அண்ணி. பிரேக்கக்காவின் முகம் சுண்டிப்போனது. ஒரு குற்றவாளி கைநழுவிப் போனதில் அவளுக்கு உண்மையாகவே வருத்தம்.

அடுத்தது மண் விஞ்ஞானியின் அறை. சுவர் நெடுக இழுப்பறைகள், உள்ளே காட்டின் ஒவ்வொரு அடுக்கு மண்ணும் கண்ணாடிக் குழாய்களில் இருந்தது. கறுப்பு, பழுப்பு, செம்மை, மஞ்சள் என்று ஒரே காட்டுக்குள் இத்தனை நிறமா என்று பிரேக்கக்கா அசந்து நின்றாள்.

"முதல் இழுப்பறையைத் திறங்க, பழைய பைகள் அதுலதான் இருக்கு" என்றார் மண் விஞ்ஞானி.

பிரேக்கக்கா குனிந்து அடியில் இருந்ததை இழுத்தாள்.

"அது கடைசி. மேல இருக்கறதுதான் முதல். மண்ணை நாங்க எப்பவும் மேலேர்ந்துதான் எண்ணுவோம். தோண்டறப்ப முதல்ல வர்றது மேல் மண்தானே?"

மேசை மேல் ஈரத் துணி போர்த்திய ஒரு தட்டு இருந்தது. அண்ணி துணியை விலக்கினார். ஒரு வலைப் பை, உள்ளே கட்டை, அதைச் சுற்றி மண்ணும் சருகும். பையின் ஒரு பக்கத்திலிருந்து பென்சில் பருமனில் ஒரு வேர் துருத்திக்கொண்டிருந்தது.

"இது ஏன் அடுப்புக்குப் போகலை?"

"வேர் குறுக்க போகுது மேடம். கட்டையை வெளிய எடுக்க வரலை. இழுத்தா வலை கிழிஞ்சுடும். அப்புறமா பார்த்துக்கலாம்னு வச்சுட்டேன். எங்களுக்கு வேர்னா குப்பை. மண்ணைச் சலிச்சா சல்லடையில தங்கற வேரை அப்படியே கொட்டிடுவோம்."

"குப்பைதானே, நான் ஒடிச்சுத் தரேன்" என்று பிரேக்கக்கா வேரைப் பிடித்தாள்.

"பிரேக்கு!" என்றார் அண்ணி.

பிரேக்கக்காவின் கை அந்தரத்தில் நின்றது. தன் வாழ்நாளில் அந்தச் சொல்லை அவள் அடுத்தவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர் வலையின் ஒரு கண் வழியாக நுழைந்து, கட்டையின் முனையில் முட்டி, அதன் விளிம்போடு ஒட்டி வளைந்து, மறுபக்கம் இன்னொரு கண் வழியாக வெளியே போயிருந்தது. கட்டையைத் தொட்ட பக்கம் தட்டையாகியிருந்தது. நுழைந்த கண்ணில் கம்பி வேருக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது.

"இந்த வேரை மெல்லிசா ஒரு வில்லை சீவித் தர முடியுமா?"

"சீவலாம். எதுக்கு?"

"வயசு பார்க்க."

 மண் விஞ்ஞானி பிளேடைத் தேடி எடுத்தார். வில்லை பிசிறில்லாமல் வந்தது. "எனக்கு மர வளையம் படிக்கத் தெரியாது மேடம். வேர்ல படிக்கறது இன்னும் கஷ்டம். இங்க அதைப் படிக்கத் தெரிஞ்சவர் தேக்கு சார் ஒருத்தர்தான்."

"அப்ப அவரே படிக்கட்டும்" என்றார் அண்ணி.

தேக்கு சாரின் மரக் காப்பறைக்குள் நுழைந்ததும் பிரேக்கக்கா அண்ணாந்து பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை மரத் துண்டுகள். புத்தகம்போல அறுத்து, முதுகில் எண் எழுதி, தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தார்கள். தேக்கு சார் உயரமாக, விறைப்பாக, காலர் பட்டன் வரை போட்டுக்கொண்டு வந்தார். அண்ணி வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

"பாருங்க. எதை வேணா பாருங்க. கைப்பையை மட்டும் அந்த அலமாரியில முதல் தட்டுல வச்சுடுங்க. இங்க தூசி ஆகாது."

இந்த முறை தப்பாது என்று பிரேக்கக்கா எக்கி, மேல்தட்டில் பையை வைத்தாள்.

"முதல் தட்டுன்னேன். அது ஆறாவது. முதல் தட்டு அடியில இருக்கு. மரம் அடியிலேர்ந்துதானே மேல போகுது?" என்று சொல்லி அவரே பையை எடுத்தார். அடித்தட்டில் ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. மற்ற சாமான்களைப் புறங்கையால் தள்ளியவர், அந்தப் பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, தூங்கும் பிள்ளையை நகர்த்துவதுபோல நகர்த்திவிட்டுக் கைப்பையை வைத்தார்.

"மேலயா கீழயான்னு இந்த ஆபீஸ்ல முதல்ல முடிவு பண்ணட்டும்" என்று பிரேக்கக்கா முணுமுணுத்தாள். அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை, ஏதோ நல்ல சேதி கேட்டவர் பார்வை.

"சோதனைக் கட்டை எல்லாம் ஒரே மரத்துலேர்ந்து அறுத்ததாமே?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமா. அதோட மிச்சம் இங்கதான் இருக்கு. இந்த அறைச் சாவி எப்பவும் என்கிட்டதான்." மூலையில் இருந்த மரத்துண்டைக் காட்டினார். சொல்லும்போது குரலில் பெருமை தானாக வந்தது. "வருஷத்துக்கு ஒரு நூல் கனம்கூட வளராத மரம். கோடாலியே மழுங்கிடும். தொட்டுப் பாருங்க."

அண்ணி அறுத்த முகத்தைத் தொட்டார். விரலில் தூசி ஒட்டியது. அறுப்பு முகம் முழுவதும் ஒரே மாதிரி கறுத்துப் போயிருந்தது. "அண்மையில யாரும் அறுக்கலை" என்றார் தனக்குத்தானே.

"அந்தம்மா வேற எங்கேயாவது வாங்கியிருக்கலாம்" என்றார் தேக்கு சார். அதைச் சொல்லும்போது அவர் அண்ணியைப் பார்க்கவில்லை.

விசாரணை இயக்குநரின் அறையில் நடந்தது. இயக்குநர் நல்ல மனிதர்தான், சண்டை என்றால் தலைவலி வந்துவிடும் வகை. சன்னலோரம் பெரிய புரொபசர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். முப்பதாம் வருட எண்ணைக் கேட்டுவிட்டுப் போவதற்காகவே உயிரைப் பிடித்துவைத்திருப்பதாக மண் விஞ்ஞானி சொல்லியிருந்தார். மேசையில் மைக்ராஸ்கோப், பக்கத்தில் அந்த வலைப் பை. அடுப்பு அண்ணன் கதவோரம் நின்றார். தேக்கு சார் எதிர் வரிசையில்.

"குற்றச்சாட்டு என்ன?" என்று அண்ணி தொடங்கினார். "சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவுல, பையிலேர்ந்து பழைய கட்டையை எடுத்துட்டுப் புதுக்கட்டை வச்சுட்டாங்க. சரிதானே? அப்ப இந்தப் பையைப் பாருங்க. இதுவும் அதே வரிசை, அதே நாள் தோண்டினது. இந்த வேர் வலைக்கண்ணைவிடப் பருமன். வெளியிலேர்ந்து இதை உள்ள நுழைக்க யாராலயும் முடியாது. நூல் மாதிரி இருந்தப்ப நுழைஞ்சு, உள்ள வந்தப்புறம் பருத்திருக்கு. கம்பி அதுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. அதோட, கட்டை எங்க வளையுதோ அங்கதான் வேரும் வளையுது. தொட்ட இடத்துல தட்டையா இருக்கு. வேர் உள்ள வந்தப்பவே இந்தக் கட்டை இதே இடத்துல இருந்திருக்கு."

இயக்குநர் பையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அப்ப ரெண்டு நாள்ல மாத்தினது இல்லை."

"இல்லை. இந்தம்மா பேர்ல துளி குத்தமில்லை."

மண் விஞ்ஞானி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஆனா எடை தப்பா இருக்கே?" என்றார் பெரிய புரொபசர். குரல் மெலிந்திருந்தாலும் கேள்வி கூர்மையாக இருந்தது.

"எடை தப்பில்லைங்க ஐயா. வருஷம்தான் தப்பு. இது எத்தனை வருஷமா மண்ணுல இருந்ததுன்னு வேர் சொல்லும். அதைப் படிக்க எனக்குத் தெரியாது." அண்ணி திரும்பினார். "சார், நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

தேக்கு சார் எழுந்தார். மைக்ராஸ்கோப் வரை நாலடி தூரம்தான். அதை நடக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. குனிந்து கண்ணை வைத்தார். விரல் திருகைத் திருப்பியது. நின்றது. மறுபடி திருப்பியது. வில்லையை இடம் மாற்றி இன்னொரு பக்கத்திலிருந்து எண்ணினார்.  அறையில் இருந்த யாராலும் அவர் எண்ணுவதைச் சரிபார்க்க முடியாது. முப்பது என்றாலும் முப்பதுதான், ஒன்று என்றாலும் ஒன்றுதான்.

அவர் நிமிர்ந்தபோது காலர் நனைந்திருந்தது.

"பத்து" என்றார். "ஒண்ணு முன்ன பின்ன இருக்கலாம். வேர்ல அவ்வளவுதான் சொல்ல முடியும். பத்து."

"பத்து வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றார் அண்ணி, மெதுவாக.

"இருபதாம் வருஷத் தோண்டல்" என்றார் பெரிய புரொபசர். "எனக்குக் கண் ஆபரேஷன். இவர்கிட்டதான் ஒப்படைச்சேன்..." பேச்சு பாதியில் நின்றது.

"அப்ப மூணு வரிசை மிச்சம் இருந்திருக்கும். மிச்சத்துல முதல் வரிசையைத் தோண்டணும். உங்க வழக்கத்துல முதல்னா சரிவோட மேல் வரிசை. ஆனா மரத்தோடவே வாழ்ந்தவருக்கு முதல்னா அடி." அண்ணி யாரையும் சுட்டவில்லை. "காலையில என் நாத்தனார் ரெண்டு அறையில ரெண்டு தடவை திட்டு வாங்கினா. அங்கதான் எனக்கு வெளிச்சம் வந்தது. கடைசி வரிசை பத்து வருஷத்துக்கு முன்னாடியே தவறுதலா வெளிய வந்துடுச்சு. அதுக்குப் பதிலா அதே மரத்துல அறுத்த கட்டை உள்ள போயிருக்கு. அந்த மரம் இருக்கற அறைக்கு ஒரே ஒரு சாவி. தராசு முள் நிக்கறதுக்கு முன்னாடியே மாத்தி வச்ச கட்டைன்னு சொல்ல, பார்த்துத் தெரிஞ்சுக்கணும்னு இல்லை. முன்னாடியே தெரிஞ்சிருந்தாப் போதும்."

தேக்கு சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தகடெல்லாம் மண்ணும் களிம்புமா இருந்துச்சு" என்றார். "காய வச்சு, எடை போட்டு முடிச்சப்புறம்தான் பித்தளைத் தகட்டைத் துடைச்சேன். ஆறுன்னு இருந்துச்சு. அடுப்புல வச்ச கட்டைக்குள்ள பூஞ்சை செத்துடும். திரும்பப் புதைச்சா அது வேற சோதனை. சார் ஆஸ்பத்திரியில கண்ணைக் கட்டிட்டுப் படுத்திருந்தார். 'காட்டைப் பார்த்துக்கோ'ன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லியிருந்தார். போய் என்னன்னு சொல்வேன்? வாய் வரலை. சரியான வரிசையைத் தோண்டி எடுத்துட்டு, ஆறாவதுல புதுசு வச்சேன். அதே எடை, அதே ஆழம், அதே திசை, அதே தகடு. அதுக்கப்புறம் முப்பதாம் வருஷம் வருமே வருமேன்னு பத்து வருஷம் பயந்தேன். திங்கட்கிழமை பயத்துல வாய் முந்திடுச்சு. சொன்னதைத் திரும்ப எடுக்கற தைரியம் இல்லை."

"ரெண்டு நாளா என் பொண்ணு முகத்தை நிமிர்ந்து பார்க்கலை சார் நான்" என்றார் மண் விஞ்ஞானி. குரல் உயரவில்லை, அதனால்தான் கேட்கவே கஷ்டமாக இருந்தது. "உங்ககிட்ட மரம் படிக்கக் கத்துக்கணும்னு எட்டு வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

 

"அந்தப் பழைய கட்டைகள் எங்க?" என்று கேட்டார் அண்ணி. "தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க. சருகைக்கூடத் துடைச்சு அடுக்கற இடம் இது."

பிரேக்கக்காவுக்குப் பளிச்சென்று எட்டியது. "அடித்தட்டுப் பெட்டி!" என்று கத்தினாள். "பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கினாரே!"

தேக்கு சார் தலையசைத்துவிட்டு வெளியே போனார். ஓடிவிடுவாரோ என்று பிரேக்கக்கா எழப் பார்த்தாள், அண்ணி கையைப் பிடித்து உட்கார வைத்தார். தேக்கு சார் பெட்டியோடு திரும்பி வந்து, பெரிய புரொபசரின் மடியில் வைத்து மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே கட்டைகள் வரிசையாக இருந்தன. பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல், ஒன்றோடொன்று உரசாமல்.

கிழவர் ஒன்றை எடுத்து விரலால் தடவினார். முப்பது வருடத்துக்கு முன்னால் தன் கையால் புதைத்த கட்டை.

"முப்பதாம் வருஷம் போச்சு" என்றார்.  கண் கலங்கியிருந்ததை அவர் மறைக்கவில்லை. பிறகு மண் விஞ்ஞானியைப் பார்த்தார். "ஏம்மா, அப்ப இருபதாம் வருஷத்துக்கு ரெண்டு வரிசை இருக்கு இல்ல? சரிவோட மேலயும் கீழயும்?"

மண் விஞ்ஞானியின் முகம் மாறியது. "ஆமா சார். போன வாரம் எடுத்தது பத்து வருஷக் கட்டை. அன்னிக்கு எடுத்த பத்தாம் வருஷத்தோட இது ஒத்துப் போகுது. அப்படின்னா இருபது வருஷம் கழிச்சும் அந்த மண்ணு அதே வேகத்துல வேலை பண்ணுது. மழை மாறியும், மேல நிக்கற மரம் மாறியும்... சார், இது நமக்குத் தெரியாம இருந்துச்சு!"

"தெரியாமத்தான் இருந்துச்சு" என்றார் கிழவர், பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு.

குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக இயக்குநர் அங்கேயே அறிவித்தார். ஷெட் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தலைவர் பதவியிலிருந்து இன்றே விலகுவதாகத் தேக்கு சார் சொன்னார். மண் விஞ்ஞானி அவரை நிமிர்ந்து பார்த்து, "விலகறது உங்க இஷ்டம். ஆனா நடந்தது நடந்தபடி கட்டுரையில வரும். யார் தோண்டினது, யார் புதைச்சதுன்னு பேரோட" என்றார்.

"பேரோடயே போடுங்க" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே எல்லோரும் காட்டுச் சரிவுக்கு நடந்தார்கள். கிழவர்தான் பிடிவாதம் பிடித்தார். மிச்ச மரத்தில் இன்னும் ஒரு வரிசைக்கு இருக்கிறது, அறுத்துப் புதைக்க வேண்டும், இடத்தை இன்றே குறிக்க வேண்டும் என்றார். அவரை ஒரு பக்கம் அடுப்பு அண்ணன் தாங்கிக்கொண்டார். காலடியில் சருகு மெத்தையாக அமுங்கியது.

பிரேக்கக்கா பின்தங்கி அண்ணியோடு சேர்ந்து நடந்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கறேன். அந்த மனுஷன் எண்ணிட்டு முப்பதுன்னு பொய் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"என்னது? அந்த நம்பிக்கையிலயா அவர் கையிலயே கொடுத்தீங்க?"

"அடுத்தவங்க மேல பழி போட்டார், பத்து வருஷம் மறைச்சார். எல்லாம் சரி. ஆனா பாரு, அந்தக் கட்டையை அவரால எறிய முடியலைன்னு பெட்டியை நகர்த்தினப்பவே தோணுச்சு. எறிஞ்சிருந்தா எந்தத் தடயமும் இல்லை. மாதிரியை எறிய முடியாதவருக்கு வளையத்தை மாத்திச் சொல்லவும் வராதுன்னு நினைச்சேன்." அண்ணி கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நினைக்கத்தான் செஞ்சேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

அண்ணிக்குப் பயம் வரும் என்பதே பிரேக்கக்காவுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

மேலே ஒரு வெட்டவெளியில் கிழவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "இங்க வைங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணா ஆறு குழி."

"முப்பது வருஷம் கழிச்சு யாருங்க ஐயா பார்க்கப் போறது?" என்று பிரேக்கக்கா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிழவர் சிரித்தார். "முதல் தடவை புதைச்சப்ப மட்டும் நான் பார்ப்பேன்னு நினைச்சேனா? எனக்கு அப்பவே ஐம்பது தாண்டியாச்சு. யாராவது பார்ப்பாங்கன்னு புதைச்சேன். பாரு, எத்தனை பேர் வந்திருக்கீங்க."

தேக்கு சார் காலர் பட்டனைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். சரிவின் நடுவில் போய் நின்றவர் வெட்டவில்லை. திரும்பி மண் விஞ்ஞானியைப் பார்த்தார். அந்த விறைப்பான கழுத்து அன்றுதான் முதல் முறையாகக் கொஞ்சம் வளைந்தது.

"அம்மா, முதல் குழி எந்தப் பக்கத்துலேர்ந்து?"

 மண் விஞ்ஞானியின் கண்ணில் இருந்த கோபம் முழுவதும் போய்விடவில்லை. போக நாளாகும். இருந்தாலும் அவர் நடந்து போய், சரிவின் உச்சியில் தன் மண் படிந்த செருப்பால் ஒரு கோடு கிழித்தார்.

"மேலேர்ந்து, சார்" என்றார். "எப்பவும் மேலேர்ந்து."

தேக்கு சார் ஏறி வந்து அந்தக் கோட்டின் மேல் மண்வெட்டியை வைத்தார்.